கரண்ட் வந்த நேரம்

அறுபடும்போது கருகும் முதிரை மரத்தின் வாசம் மூக்கில் ஏறினால், இன்றைக்கும் என் கால்கள் ஓடப் பார்க்கின்றன. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்திருந்த எங்கள் வீட்டின் கதவுகளும் நிலைகளும் உப்புக் காற்றாலும் கறையானாலும் உளுத்துப்போயிருந்தன. தபால் கந்தோரில் வேலை பார்த்த அப்பா, லீவு போட்டு எல்லாவற்றையும் தானே மாற்றப் போவதாகச் சொல்லி, ஒரு "கரண்ட் வாள்" வாங்கக் கடைக்குப் புறப்பட்டார். அம்மாவும் நானும், எட்டு மாதத் தம்பியும்கூடப் போனோம்.

கடைக்காரர் கிண்ணியாக்காரர், அப்பா அவரை அண்ணன் முறை வைத்து "நானா" என்பார். அவர் இரண்டு வாள்களை எடுத்து வைத்தார். ஒன்று, விசையிலிருந்து விரலை எடுத்தவுடன் நின்றுவிடும். மற்றதில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமத்திவிட்டால் கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

"விரல் எடுத்தா நிக்கிறதையே வாங்குங்கோவன்," என்றார் அம்மா.

"நீளப் பலகை அறுக்கேக்க விரல் விறைச்சுப் போகும். உமக்கு விளங்காது," என்று அப்பா பொத்தான் வைத்ததைத் தூக்கினார்.

"கவனம் தம்பி, இது ஆளில்லாமலும் ஓடும்," என்று அப்பாவிடம் சொல்லித்தான் நானா அதைக் கட்டிக் கொடுத்தார்.

அது ஓடத் தொடங்கினால் குசினியில் கோப்பைகள் அதிரும். நான் காதைப் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். பலகையில் சிக்குகிறதென்று, பற்களை மறைக்கும் மூடியையும் அப்பா கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்.

ஒரு மத்தியானம், பாதிப் பலகை அறுபட்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்பா வாளை விறாந்தைத் தரையில் வைத்துவிட்டு, அமத்திய பொத்தானை மறந்து, கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். "தம்பியைப் பாத்துக்கொள், பிள்ளை," என்று அம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார். தவழ்ந்து போன தம்பி, மினுங்கிய தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவனைத் தூக்க நான் எழுந்தபோது கரண்ட் வந்தது.

வாள் அலறிக்கொண்டு துள்ளியது. பற்கள் சீமெந்தைக் கடிக்க, பொறி பறக்க, அது தரையில் இழுபட்டு வந்தது. நான் ஓடினேன். தம்பியைத் தூக்கவில்லை. முற்றத்தைத் தாண்டி, படலையையும் தாண்டி, ரோட்டில் போய்த்தான் நின்றேன், ஒன்றுக்குப் போய்ச் சட்டை நனைந்திருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. உள்ளே போனால் எதைப் பார்க்க நேருமோ என்று படலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். பிறகுதான் தம்பி வீரிட்டு அழுதது கேட்டது.

அம்மா பிளக்கைப் பிடுங்கியிருந்தார். தம்பியின் சட்டை நுனி கிழிந்திருந்ததே தவிர உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஈரம் சொட்ட ஓடிவந்த அப்பா, "நீ எங்கை நிண்டனீ?" என்று என்னைக் கேட்டார்.

"தண்ணி குடிக்கப் போனனான்."

தண்ணீர்ப் பானை இருந்தது குசினியில். அம்மா நின்றதும் அங்கேதான். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். "அவளை விடுங்கோ," என்றார் அப்பாவிடம். "நிப்பாட்டாமப் போனது நீங்கள்."

அப்பா அந்த வாளைப் பிறகு தொடவில்லை. மிச்சக் கதவுகளைத் தச்சர் ஒருவர் வந்து முடித்தார். கரண்ட் வந்து மின்விசிறி சுழலத் தொடங்கினாலே நான் கதிரைமேல் ஏறி நிற்பது மட்டும் வெகுகாலம் நீடித்தது.

போன மாதம் என் வீட்டு வேலைக்கு ஒரு வாள் பார்க்கப் போனேன். துணைக்கு வந்த தம்பியிடம், கடை வாசலில் வைத்து, முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா எனக்கு வேற மாதிரியெல்லோ சொன்னவ, அக்கா. வாள் வரேக்க நீங்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினனீங்கள் எண்டு."

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது உல்லாசப் பயணிகளின் விடுதி நிற்கிறது. அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. தம்பியிடம் சொன்ன அந்தக் கதையை அவர் என்னிடம் ஒருநாளாவது சொல்லியிருந்தால், நான் உண்மையைச் சொல்லி அழுதிருப்பேன்.