குதிரைக்குட்டிக்குப் படித்துக் காட்டியவள்

மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்தில் நான் குதிரை வளர்க்கிறேன். வெளியே வாங்கி விற்கிற வியாபாரம் இல்லை; என் லாயத்திலேயே பிறந்த குட்டிகளை வளர்த்து, பழக்கிக் கொடுப்பவள். "பொம்பளைக்கு எதுக்குங்க குதிரை?" என்று கேட்டவர்கள் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் என் குதிரைதான் போயிருக்கிறது.

குட்டிக்கு முதலில் மனிதக் குரல் பழக வேண்டும். தினமும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் பின்னாளில் கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து மிரளாது. எவ்வளவு நேரம்தான் பேசுவது? நான் பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படிப்பேன். அரசியல் செய்தி வந்தால் கோபத்தில் என் குரல் ஏறும். அதுவும் குட்டிக்கு நல்ல பழக்கம்தான்.

ஊர்ப் பெண்களுக்குச் சாயங்காலங்களில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது இந்த வழி கைகொடுத்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்பட்டார்கள். ஆளுக்கொரு குதிரை பக்கத்தில் உட்கார வைத்தேன். "இது சிரிக்காதுடி, தைரியமாப் படி" என்றேன். லாயமே வகுப்பாகிவிட்டது.

அவர்களில் ஒருத்தி ரைஸ் மில்லில் நெல் காயவைப்பவள். புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகளுக்கு கே.கே. நகரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகையைச் சபையில் வாசிப்பது அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணின் அப்பா. அவர் இல்லாததால் சித்தப்பா வாசிப்பதாகப் பேச்சு.

"அக்கா, அதை நான் படிக்கணும்" என்றாள் என்னிடம். "வளத்தது நான். சபையில நின்னு எம் பொண்ணைக் குடுக்கிறேன்னு நான்தானே சொல்லணும்?"

தாலி இல்லாதவள் முன்னால் வந்து நிற்பதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கொழுந்தனார் நேராகவே சொன்னார்: "பாதியில திக்கி நின்னீங்கன்னா சம்பந்திங்க முன்னாடி மானம் போயிடும் அண்ணி." கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, "திக்கினா நீங்க வாங்கிப் படிங்க தம்பி" என்று முடித்துவிட்டாள்.

என் மகன் கல்யாணத்துப் பத்திரிகையைப் பழகக் கொடுத்தேன். மில்லிலிருந்து நேரே லாயத்துக்கு வருவாள், தலைமுடியில் தவிட்டுத் தூசியோடு. குட்டி முந்தானையை மென்றாலும் படிப்பதை நிறுத்த மாட்டாள். இவள் படித்துவிடுவாள் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். கொழுந்தனார் அங்கேயே உட்கார்ந்து எழுதிய பத்திரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே தயாராக நின்றார். அவள் நிதானமாக ஆரம்பித்தாள். நாள், நட்சத்திரம், முகூர்த்தம் எல்லாம் பிசிறில்லாமல் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா பெயர்களைப் படித்தாள். 'தெய்வத்திரு' என்று தன் புருஷன் பெயரையும் படித்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

கொழுந்தனார் கையை நீட்டினார். ஏதோ ஒரு எழுத்து காலை வாரிவிட்டது என்று நினைத்து நானும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன்.

அவள் பத்திரிகையைக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுத்து தெரியாம நிக்கலை தம்பி. பையனோட அப்பா பேரு இருக்கு, அம்மா பேரு இருக்கு. பொண்ணோட அப்பா பேரும் இருக்கு. என் பேரு இல்லையே. எழுதிக் குடுங்க, படிக்கிறேன்."

சம்பந்தியம்மாதான் பேனாவை எடுத்துக் கொடுத்தார். கொழுந்தனார் குனிந்து எழுதினார். அவள் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். தன் பெயரை, மற்ற பெயர்களைப் படித்த அதே குரலில் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அழுதது நான்தான்.