முடுக்குப் பக்கம் வைத்த ஏசி

நேற்று வங்கி வாசலில் நின்றபோது, ஏசி பெட்டியின் பின்புறத்திலிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. தெற்கே ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வண்ணாரப்பேட்டை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. எனக்குப் பத்து வயது. பள்ளி ஆசிரியரான அப்பா பக்கவாதத்தில் பேச்சிழந்து சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வெளியே முடுக்கு, இரண்டு வீடுகளுக்கு நடுவே குறுகலான சந்து. மாலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள், "சார்வாள், சொகமா இருக்கியளா?" என்று சன்னலருகே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா சிரிப்பார்.

அந்தச் சித்திரையில் எதிர்வீட்டு அண்ணாச்சி ஏசி வாங்கினார். அதன் முதுகு எங்கள் சன்னலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, அவுக மூஞ்சியிலயே சூடா அடிக்கி. கொஞ்சம் மாத்தி வைக்க முடியுமா?"

"மத்த சொவரெல்லாம் மண்ணு, தாயி. ஓட்டை போட்டா வீடு இறங்கிரும்னு கொத்தனாரு சொல்லுதாரு. நான் என்ன செய்ய?" அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது.

அம்மா சன்னலைச் சாத்தினாள். அப்பா இடக்கையால் தள்ளித் திறந்தார். "வேண்டாங்க, வெந்து போவிய" என்று மறுபடியும் சாத்தினாள். அவர் மறுபடியும் திறந்தார். வியர்வை வழிய வெளியே பார்த்தபடியே கிடந்தார்.

அனலுக்கும் சொட்டுகிற தண்ணீருக்கும் ஒதுங்கி, ஆட்கள் அடுத்த தெரு வழியாக ஆற்றுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அதை அப்பாவிடம் சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.