ஞாயிற்றுக்கிழமை வந்தது யார்?

நேற்று மத்தியானம் ஒரு வீட்டுக்குள் புகுந்து சமையலறை அலமாரியிலிருந்து இரண்டு சார்டின் டின்களை எடுத்துக்கொண்டேன். பயந்துவிடாதீர்கள், கணினித் திரையில் இருக்கிற வீடுதான். வீட்டுக்காரர்கள் செத்துப்போய், செத்தும் சும்மா கிடக்காமல் தெருவில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். மகன் தனிவீடு போனபோது பிடோக்கில் என் வீட்டிலேயே விட்டுச்சென்ற கணினி அது. ஊர் முழுக்க நடைபிணங்கள், நான் ஒருத்தி மட்டும் மிச்சம், எந்தத் தெருவுக்கும் போகலாம், எந்தக் கதவையும் திறக்கலாம். அதுதான் விளையாட்டு. பத்து நாளாகியும் நான் இன்னும் முதல் தெருவைத் தாண்டவில்லை. திறந்த கதவுகளைத் திரும்பச் சாத்தினேனா என்று பார்ப்பதற்கே பொழுது சரியாக இருக்கிறது. மகன் வந்து பார்த்துவிட்டு, "ம்மா, அதுங்க ஸோம்பிலா. நீங்க பூட்டினீங்களான்னு செக் பண்ணிட்டா வரும்?" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. மீன்கடைக்காரர் ஒரு தடவை நிறுத்ததை இன்னொரு தடவை நிறுக்கச் சொல்வேன். லிஃப்டில் என்னோடு ஏறுகிறவர் எந்த மாடிக்குப் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்த்த பிறகுதான் நான் அழுத்துவேன். கல்யாணமான புதிதில் என் கணவர், நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று சொன்னார். பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். இந்த நடைபிண விளையாட்டும் எனக்குப் புதிதில்லை. எண்பத்தைந்து வாக்கிலேயே ஆடியிருக்கிறேன். அந்த ஆட்டத்தில் உயிருள்ள ஒரு மனிதரைக் காவு கொடுத்துவிட்டேன்.

திரையில் சார்டின் டின்னைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வந்தது மீன் வாசம் இல்லை, புதுக் கைலியின் கஞ்சி வாசம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கைலியும் அத்தரும் மொத்த வியாபாரம் செய்கிற கடையில் டைப்பிஸ்ட் வேலை. கீழே கடை, மேலே ஆபீஸ். அம்மா சார்டின் சம்பலை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுப்பார். கூரை தொடுகிற கைலிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவேன். மீன் வாசம் கைலியில் ஏறிவிடும் என்று முதலாளி முணுமுணுப்பார். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அதட்டாத குரல். அவரும் என்னைப் போலத்தான், யாரையும் லேசில் நம்பமாட்டார். இரண்டு கடை தள்ளி இருந்த போட்டிக்காரர் நோன்புப் பெருநாளுக்கு எங்கள் கட்டம் போட்ட கைலியையே இறக்கிவிட்டதிலிருந்து, நமக்குச் சரக்கு அனுப்புகிறவர்களின் விலாசத்தை யாரோ வெளியே சொல்கிறார்கள் என்று அவருக்கு ஒரு அரிப்பு.

அந்த விலாசமெல்லாம் கணினியில் இருந்தது. ஆமாம், எங்கள் சந்திலேயே முதல் கணினி எங்களுடையதுதான். எங்களுக்காக வராத ஏர்கான் அதற்காக வந்தது. அதற்குத் தைத்த உறையைப் பார்த்து, இதை விட என் சட்டைத் துணி மட்டம் என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவை உயிர்ப்பிக்கும்போதும் அது இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். அதற்குள் கடிகாரம் கிடையாது. பேசாமல் என்டரைத் தட்டிவிட்டால் தன் பாட்டுக்கு ஒரு பழைய தேதியை வைத்துக்கொண்டு வேலை செய்யும். நானா விடுவேன்? நாட்காட்டியைப் பார்த்துச் சரியான தேதியைத் தட்டிய பிறகுதான் மறுவேலை. இந்தத் தேதி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் என்னோடு இருந்தவர் ஜமால் அண்ணன். ஹாஜியாருக்கும் அவருக்கும் ஒரே ஊர், காரைக்கால் பக்கம். பதினோரு வருஷமாக அங்கே வேலை. கடையின் இரண்டாவது சாவி அவரிடம் இருந்தது. அதை இடுப்பு பெல்ட்டில் கோத்திருப்பார், படியேறும்போது சத்தம் கேட்கும். அவருக்குப் பெண் பார்த்தபோது பெண்ணின் அத்தா, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வந்தாராம். ஹாஜியார் வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் கடைச் சாவி அவன் கையில் இருக்கிறது என்றாராம். அதோடு பேச்சு முடிந்து நிக்காஹ் நடந்துவிட்டது. இதை ஜமால் அண்ணன் என்னிடம் மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆண்கள் எல்லோரும் ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். கீழே கதவு சாத்திவிடும். கத்தோலிக்கப் பெண் நான் மட்டும் மேலே டெலிபோனுக்குக் காவல். ஒன்றரை மணி நேரம் கொட்டாவிதான். இதைப் பார்த்த ஜமால் அண்ணன், ஆபீசுக்கு ஃப்ளாப்பி வட்டுகள் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார் என்று ஒரு விளையாட்டு வட்டைக் கொண்டுவந்து தந்தார். கள்ளப் பிரதிதான். அந்தக் காலத்தில் இங்கே அசல் வட்டு வாங்கினவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. கள்ளப் பிரதிக்கு விளக்கப் புத்தகம் வராது, வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். "சும்மா வெளையாடுங்க தங்கச்சி, ஹாஜியாருக்கு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

இப்போது இருப்பதுபோல் படமெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கட்டம் கட்டமாக வீடுகள், நான் ஒரு நட்சத்திரக் குறி, நடைபிணம் என்றால் ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்து பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வீடு வீடாகப் போய் டின், தண்ணீர், தீப்பெட்டி சேர்த்து ஒரு வீட்டில் பதுக்கிவைத்தேன். இரண்டு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை வட்டில் சேமித்து, வட்டைக் கோயில் அறிக்கைத் தாளில் சுற்றி இழுப்பறைக்குள் போட்டுவிடுவேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் திறந்தால், நான் சாத்திவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. பன்னிரண்டு டின்னில் ஏழுதான் இருந்தது. படுக்கைப் பக்கத்தில், நான் வைக்காத ஒரு தீப்பெட்டி.

எனக்கு ஏர்கானையும் மீறி வேர்த்துவிட்டது. பொழுதுக்கும் தனியாக அலைகிற ஊரில் இன்னொரு ஆள் நடமாடியிருக்கிறது. யார்? கீழே இருந்தவர்களுக்குக் கணினியின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது. வட்டு இருப்பது தெரிந்தவர் ஒருவர்தான். கப்பலில் வந்த கட்டுகளைப் பிரிக்க ஞாயிறு காலையில் தனியாகச் சாவி போட்டுக் கடையைத் திறப்பவரும் அவர்தான். அந்த நேரத்தில் நான் பூசையில் முழங்காலில் இருப்பேன். எல்லாம் பொருந்திவந்தது. சந்தேகத்தின் கெட்ட குணமே அதுதான், எல்லாமே பொருந்திவிடும்.

திங்கட்கிழமை கேட்டேவிட்டேன். அவர் கட்டுக்குச் சணல் போட்டுக்கொண்டே, "நான் அதத் தொடுறதே இல்ல தங்கச்சி. கட்டப் பிரிச்சேன், வீட்டுக்குப் போனேன்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிமிராததையும் நான் குறித்துவைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை என் பின்னலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வட்டு நுழைகிற வாய்க்குக் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை பார்த்தால் முடி தரையில் கிடக்கிறது. பார்த்தாயா, பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. மேசைக்கு மேலே மின்விசிறி ஒன்று சுற்றுவது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அதன் பிறகு அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவர் வாங்கிவந்த கறிபஃபை வயிறு சரியில்லை என்று ஒதுக்கினேன். அந்தத் தீப்பெட்டி வேறு உறுத்தியது. திருடிவிட்டு எதற்கு ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும், கல்யாணமான மனுஷன் என்னவாவது மனதில் வைத்துக்கொண்டு செய்கிறாரோ என்றுகூட என் புத்தி போனது. இப்போது எழுதவே கூசுகிறது.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை திறந்தேன், டின் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் பட்டினியில் செத்துப்போனதாகத் திரையில் ஒரு வரி. எத்தனை வாரப் பாடு. அந்த நேரம் பார்த்து ஹாஜியார் ஜும்மா முடித்துச் சீக்கிரம் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, என்னம்மா என்றார். விளையாட்டைப் பற்றிச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைல யாரோ கம்ப்யூட்டரத் தொறக்கிறாங்க ஹாஜியார்."

அவர் கணினியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகப் போட்டிக்காரர் கடைப் பக்கம் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிந்துவிட்டது. விலாசத் திருட்டு. இல்லை ஹாஜியார், இது வேறு, என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. சொன்னால் ஆபீஸ் கணினியில் வாராவாரம் விளையாடிய கதையும் வெளியே வரும், வேலை போகும். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் முன்னாலேயே ஹாஜியார் கையை நீட்டினார். சாவியைக் கொடு என்று சொல்லக்கூட இல்லை. ஜமால் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெல்ட்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். வளையம் இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி எடுக்க ரொம்ப நேரமானது. யாரும் உதவிக்குப் போகவில்லை. நான் டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். மாசக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஹாஜியார் அந்தச் சாவியை என்னிடம் கொடுத்தார், நீதான் நம்பிக்கையான பிள்ளை என்று சொல்லி.

கொஞ்ச நாள் வட்டைத் தொடவில்லை. பிறகு வெள்ளிக்கிழமைக் கொட்டாவி தாங்காமல் புது ஆட்டம் தொடங்கினேன். பதினைந்து டின் சேர்த்து, கதவைச் சாத்தி, சேமித்துவிட்டுப் போனேன். சாவி என் கைப்பையில், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேதியைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் திறந்தால் ஒன்பது டின். கதவு திறந்து கிடக்கிறது.

என் குணத்துக்கு முதலில் ஹாஜியார்மேல்தான் சந்தேகம் போனது, கேளுங்கள். நல்லவேளையாக அந்த வாரம் வட்டு வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. ஜமால் அண்ணன் போன பிறகு அதுவும் என் வேலை. கடைக்காரச் சீனரிடம் விளையாட்டின் பெயரைச் சொல்லி, இதற்குப் புத்தகம் உண்டா என்றேன். நாலு தாளை நகலெடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் படித்தேன். நீங்கள் ஆடாத நாளிலும் ஊர் நடந்துகொண்டுதான் இருக்கும், கணினிக்குக் கொடுத்த தேதியைப் பார்த்து அது நாட்களைக் கழித்துவிடும் என்று போட்டிருந்தது. உங்களைப் போலவே தப்பிப் பிழைத்த சிலர் அலைகிறார்கள், அவர்கள் உங்கள் வீட்டில் கிடைத்ததை எடுப்பார்கள், சில சமயம் எதையாவது வைத்துவிட்டும் போவார்கள் என்றும் போட்டிருந்தது. என்டரைத் தட்டிச் சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் ஒரு டின்னும் குறைந்திருக்காது. நாலு தடவை படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

ஜமால் அண்ணன் காத்தோங்கில் ஒரு திரைத்துணிக் கடையில் இருப்பதாகக் கீழ்க்கடையில் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் போனேன். இளைத்திருந்தார். துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "வாங்க மிஸ்" என்றார். நான் தாளை நீட்டி, தேதி, டின், தீப்பெட்டி, என் தலைமுடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அந்த ஆங்கிலத்தை மெதுவாக, உதடு அசைய முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் என் வாயால சொன்னேன், நீங்க நம்பல. இப்ப இந்தத் தாள் சொல்லுது, நம்புறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஹாஜியாரிடம் இதைக் காட்டுகிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வேணாம். ஒங்க வேலையும் போயிடும்லா. நான் எப்படியோ சமாளிச்சுட்டேன்." அவர் மாமனார் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சரி அண்ணே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பிடோக்கில் இறங்கும்போதுதான் உறைத்தது. விளக்கத்தையெல்லாம் சொன்னேனே தவிர, மன்னிச்சிடுங்க என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன். எனக்கு அடுத்த வாரங்களுக்குப் பஞ்சமில்லை. கடைசியில் போனபோது அந்தக் கடை வரிசையை இடிப்பதற்காகச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது எங்கள் சந்தில் கைலிக் கடை இல்லை. மாடி ஆபீஸ் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற அறைகள். வட்டு விற்ற கடை, அந்தக் கட்டடம், அந்தச் சீனர், ஒன்றும் இல்லை. தேதி கேட்கிற கணினியும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் போனவர் ஹாஜியார். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கூரையைப் பார்த்தபடியே, "ஜமாலு நல்ல புள்ளதான். ஏன் அப்புடிச் செஞ்சான்னுதான் தெரியல" என்றார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போது நான் அந்த வேலையிலேயே இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லை.

"ஆமா ஹாஜியார்" என்றேன்.