பவுடர் பூசாத பீங்கான் அக்கா

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பீங்கான் அக்கா. விரல் தடிமன் பீங்கான் குழாயைப் பால் போன்ற கரைசலில் முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மேலே தூக்குவதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. பிறகு ஒட்டிய கரைசல் உலையில் வெந்து, குழாய்மேல் மெல்லிய சவ்வாகப் படியும். எண்ணூறு டிகிரி சூட்டில் எத்தனை வாயு கலந்து வந்தாலும் அந்தச் சவ்வு ஹைட்ரஜனை மட்டும்தான் உள்ளே விடும். ஒரு தூசு விழுந்தால் போதும், ஊசிமுனை ஓட்டை விழுந்து கண்டதெல்லாம் நுழைந்துவிடும்.

அதற்காக அவள் முகத்துக்குப் பவுடர் போடுவதையே விட்டுவிட்டாள். மகள் கல்யாணத்தில்கூட வெறும் முகம்தான். மறுநாள் குழாய் முக்க வேண்டியிருந்ததே! "போட்டோவுல நீ மட்டும் இப்பதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்கே" என்று கணவர் இன்றும் கிண்டலடிப்பார்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வந்தது சோதனை. விருந்தினர் பார்க்க வந்த மூன்று நாளும் அவள் முக்கியெடுத்த குழாய் ஒழுகியது.

"ஆளுங்களைப் பார்த்தா உங்களுக்குக் கை நடுங்குதும்மா" என்றார் துறைத் தலைவர். "அடுத்ததும் போச்சுன்னா உங்களை ஸ்டோருக்கு மாத்திடுவேன்."

 நிஜமாகவே நடுங்குகிறதோ என்று வீட்டில் அவள் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

நான்காவது முறை. கண்ணாடிக்கு வெளியே விருந்தினர். முன்பு மூன்று முறையும் வந்ததுபோலவே தலைவர் உள்ளே வந்து, விளக்கம் சொல்கிற சாக்கில் கரைசல்மேல் குனிந்தார். அவருடைய கறுப்புக் கோட்டின் கழுத்துப்பட்டையில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருந்தது. பவுடர்! விருந்தினர் வரும் நாளில் மட்டும்தான் அவர் கோட்டு போடுவார், அன்றைக்கு மட்டும்தான் முகத்தில் அப்படி அப்பிக்கொண்டும் வருவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் குழாயைக் கீழே வைத்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டைக் கழட்டிட்டு, போய் முகத்தைக் கழுவுங்க. அதுக்குள்ள நான் புதுக் கரைசல் ஊத்தறேன்."

தலைவர் கழுத்துப்பட்டையைத் தடவி விரலைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக்கொண்டே போனார். ஈர முகத்தோடு விருந்தினர் பக்கத்தில் நின்று, வெளியிலிருந்தே பார்த்தார்.

மூன்று நாள் கழித்து முடிவு தெரிந்தது. ஹைட்ரஜனைத் தவிர எதுவும் நுழையவில்லை. தலைவர் தானே அவளைத் தேடி வந்தார்.

"மூணையும் கெடுத்தது நான்தாம்மா. பழியை உங்க கைமேல போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

சாயங்காலம் கணவருக்கு டீயை நீட்டிக்கொண்டே அவள் அத்தனையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும் சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்தது. டீ தளும்பித் தரையில் சிந்தியது.

"கை நடுங்குதே!" என்றார் கணவர்.

"நடுங்கட்டுமே. நாளைக்கு எனக்குக் குழாய் முக்கற வேலை இல்லை."