கதவைச் சாத்தினேன்

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களுக்கு அன்றாடக் காரியங்களைத் திரும்பப் பழக்குவது என் வேலை. அவர்களில் ஒருவர் விசைத்தறி ஓட்டியவர். உட்கார்ந்ததும் செயலிழந்த வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். குழுவாகப் பேசும்போது அவர் வாயே திறக்கவில்லை. அதனால் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"யாருக்கும் கேக்காது, சொல்லுங்க அண்ணாச்சி."

தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய உரத்த குரலில் சொன்னார்: "சட்டை பட்டன்கூட எம் பொஞ்சாதிதான் போட்டு விடுதா. நான் போயிட்டா அவளாவது நிம்மதியா இருப்பா மேடம்."

வெகுநேரம் பேசிவிட்டுக் கதவைத் திறந்தேன். வெளியே கதவை ஒட்டிய பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கணவரின் சட்டையில் மேல் பட்டன் கழன்றிருந்ததைப் பார்த்ததும் எழுந்து கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல் கழுத்தை நிமிர்த்திக் காட்டியபடி நின்றுகொண்டே இருந்தார்.