மாத்திரைக்கும் ஒரு ஜெபம்

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரம். சேலையூரில் எங்கள் சபையில் என் கொடி உயரப் பறந்துகொண்டிருந்த நேரம். எல்லாம் நான் சொன்ன ஒரு சாட்சியால் வந்த பெருமை.

எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் முழுக்கக் காலைச் சாப்பாட்டையும் இனிப்பையும் விட்டேன். விடியற்கால ஜெபத்துக்கு கேம்ப் ரோட்டிலிருந்து தினமும் நடந்தே போனேன். வீட்டுக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் அளவு பிரமாதம். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மைக் கிடைத்தால் எனக்குக் கால் தரையில் நிற்காதே! குருத்தோலை ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து, "கர்த்தர் என் சுகரை எடுத்துப் போட்டுட்டார்! மாத்திரைப் பெட்டியைக் குப்பையில போட்டுட்டேன்!" என்றேன். ஒரே அல்லேலூயா, கைத்தட்டல்.

ஈஸ்டர் வந்தது. பிரியாணி, கேக், பக்கத்து வீட்டுப் பாயசம். நடையும் நின்றது. இரண்டே வாரத்தில் நாக்கு வறண்டது, பாதம் எரிந்தது.

"என்னம்மா, தண்ணி கேன் ரெண்டு நாள்ல காலியாகுது?" என்றார் கணவர்.

"வெயில் அப்படிங்க" என்று மழுப்பினேன்.

டாக்டரிடம் போகலாம்தான். சாட்சி சொன்ன வாயோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? எங்கள் ஏரியா லேபில் ரத்தம் எடுக்கிற பெண்ணே எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருப்பவள். அதனால் பஸ் பிடித்து மேற்குத் தாம்பரம் போய், முடிச்சூர் ரோட்டில் தெரியாத ஒரு லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கொண்டுபோன இட்லியைப் பிரித்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். லேபுக்குள் எதற்கு ஹெல்மெட் என்று எனக்கு எரிச்சல். அவரும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட வேண்டுமே, வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றினார். பார்த்தால், எங்கள் பாஸ்டர்!

பேயறைந்த மாதிரி இருவரும் முழித்தோம். "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார் ஈனசுரத்தில். நானும் சொன்னேன். அடுத்த நொடி இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரையாம். "ஊருக்கெல்லாம் சுகம் கேட்டு ஜெபிக்கிறவன், எனக்கே சுகர்னு எப்படிச் சொல்றது சிஸ்டர்?" என்றார். பிறகு இட்லியையும் மாத்திரையையும் முன்னால் வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார்.

"மாத்திரைக்குமா பாஸ்டர்?"

"இதுவும் அவர் கொடுத்ததுதானே."

என் கதையையும் கொட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "நம்ம சபை ஆல்டர்ல பூ வைக்கிற அக்கா பிரஷர் மாத்திரையை விட்டுட்டாங்க சிஸ்டர். நேத்து போன் பண்ணி, தலை பிளக்குது, ஜெபிங்கன்னாங்க. மாத்திரை போடுங்கன்னு கெஞ்சினேன். 'அந்த சிஸ்டருக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா'ன்னு கேக்குறாங்க."

இட்லிப் பொட்டலத்தை அப்படியே மூடினேன். அந்த அக்கா தனியாக வசிப்பவர். அவருக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால்தான். இரண்டாவது ரத்தமாவது ஒன்றாவது! ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். பாஸ்டர் பைக்கில் பின்னால் வந்தார்.

"அண்ணா, சீக்கிரம் போங்கண்ணா!"

"இன்னாமா, சிக்னல் மேல பறந்தா போவ முடியும்?" என்றார் ஆட்டோக்காரர். ஆனாலும் பறந்தார்.

அக்கா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். பஞ்சு ஒட்டிய கையை நீட்டினேன். "அக்கா, எனக்கு சுகர் போகவே இல்லக்கா. இப்பதான் ரத்தம் குடுத்துட்டு வரேன். பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அவர் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். "உன்னை நம்பினேனேடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

பக்கத்துத் தெரு டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வாய் கோணியிருக்கும்மா" என்றார். நான் அங்கேயே வாய்விட்டு அழுதுவிட்டேன். அக்காதான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி மைக் முன்னால் நின்றேன். "மாத்திரையைக் கர்த்தர் விடச் சொல்லல. நானா விட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அப்போது பாஸ்டர் எழுந்து, "எனக்கும் எட்டு வருஷமா சுகர்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எனக்குப் பதினஞ்சு!" என்று கத்தினார். சபையே சிரித்துவிட்டது. அன்றைக்கு ஆராதனை முடிந்து டீ கொடுத்தபோது, சர்க்கரை போடாத பிளாஸ்க்தான் முதலில் காலியானது.

இப்போது விடியற்கால ஜெபத்துக்கு அக்காவும் நானும் சேர்ந்தே நடந்து போகிறோம். "மாத்திரை போட்டியா?" என்பார். "போட்டேன்க்கா. நீங்க?" என்பேன். சாட்சி நேரத்தில் இன்றும் எழுந்துவிடுகிறேன், என் வாய் சும்மா இருக்குமா? ஆனால் மைக்கைத் தொடுவதற்கு முன், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அக்கா இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். நான் என்ன சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.