ஏழாம் பக்கத்தில் நான் வெட்டிய வரிகள்

1. ஸ்பெயின் மடல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வெளிவந்த தமிழ் வார இதழ் ஒன்றில் பிரதி திருத்துபவனாகச் சேர்ந்தேன். ஊரில் நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால், இதழின் உரிமையாளர் சிவம் என்னை 'மாஸ்டர்' என்றே அழைப்பார். முதல் நாளே, சுருண்டு கிடந்த தொலைநகல் தாளொன்றை என் மேசையில் போட்டார்.

"மாஸ்டர், உது ஸ்பெயினில இருந்து வந்த ஃபக்ஸ். யோகன் எண்டு ஒராள், வலென்சியாவில ரெஸ்ரோரன்ட் கிச்சினில வேலை செய்யிறான். கிழமைக்கு ஒண்டு அனுப்புவான். எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். ஏழாம் பக்கத்தில அரைப் பக்கத்துக்கு ஆக்கித் தாங்கோ."

யோகன் கண்டதையெல்லாம் எழுதுவார். பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவை இழுத்துச் சாத்தும் கடைகள், இரவு பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு உணவகத்துக்கு வரும் குடும்பங்கள், புத்தாண்டு மணி பன்னிரண்டு முறை அடிக்கையில் அடிக்கு ஒன்றாகத் திராட்சை விழுங்கும் மனிதர்கள். ஐரோப்பாவுக்கு ஒரே நாணயம் வரப்போகிறது, எல்லைகளில் கடவுச்சீட்டுப் பார்ப்பதை நிறுத்துகிறார்கள் என்பவற்றையும் எழுதுவார். ஆனால் அவற்றைக்கூடத் தம் முதலாளியும் மீன்காரரும் பிடித்த சண்டையாகவே எழுதுவார்.

எனக்கு நாணயமும் எல்லையும் வேண்டியிருந்தன, மீன்காரர் வேண்டியிருக்கவில்லை. நீலப் பென்சிலால் ஆட்களை அகற்றினேன். எஞ்சியதைச் செந்தமிழில் கட்டினேன். அச்சில் பார்க்கையில் எனக்கே பெருமிதமாக இருந்தது.

2. வியாழக்கிழமை வாசகி

இதழ் வியாழக்கிழமைகளில் வரும். அன்று காலை மோர்னிங்சைட்டிலிருந்து ரெஜினா என்றொரு பெண்மணி பேருந்தேறி அலுவலகத்துக்கே வந்துவிடுவார். விடுதியொன்றின் சலவைப் பகுதியில் இரவு வேலை. முடித்த கையோடு வருவார்.

"மாஸ்டர், ஸ்பெயின் வந்திட்டுதோ?"

நின்றபடியே ஏழாம் பக்கத்தை விரித்து, வரிவரியாக விரல் வைத்து இறுதிவரை வாசிப்பார். பின்பு மடித்து எடுத்துக்கொண்டு போவார்.

"பார்த்தீர்களா? நல்ல நடைக்கு வாசகர் இருக்கத்தான் செய்கிறார்கள்" என்றேன் சிவத்திடம்.

"ஓம், ஓம். ஒராள்" என்றார் அவர்.

ஒருநாள் ரெஜினா தயங்கியபடி கேட்டார்: "உந்த யோகன், அங்கை தமிழாக்களைக் கண்டால் எழுதமாட்டாரோ?"

"அம்மா, இது உலக விவகாரப் பக்கம். ஊர்ப் புதினங்களுக்கு வேறு பக்கம் உண்டு" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

3. அடிக்குறிப்பு

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் அச்சிட வேண்டிய விடயம் மிகுந்திருந்ததால், யோகனின் தொலைநகலை ஆறு நாட்கள் வாசிக்காமல் தட்டில் போட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை எடுத்தபோது அதன் அடியில் எனக்கென ஒரு குறிப்பு இருந்தது.

"மாஸ்டருக்கு. பேசாலை அன்ரனைப் பற்றி மூண்டு தரம் எழுதிப்போட்டன். ஒருத்தரும் விசாரிக்கேல்லையோ? தமக்கை கனடாவிலையாம், விலாசத்தைத் துலைச்சுப்போட்டான். தோடம்பழம் பிடுங்க வேறை இடம் போகப்போறான். போக முந்திச் சொல்லுங்கோ."

பழைய தொலைநகல்களின் கோப்பு ஹீட்டருக்கு மேலே கிடந்தது. சூடு பட்டுத் தொலைநகல் தாள்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என் பென்சிற் கோட்டுக்குக் கீழிருந்ததை வாசித்தேன்: "ஞாயிறுப் பூசையில கடைசி வாங்கிலை ஒராள். இடக்கால் இழுத்து நடக்கிறார். எல்லாரும் போனபிறகு தனிய இருந்து தமிழில செபமாலை சொன்னார். ஊர் பேசாலை எண்டார், பேர் அன்ரன்."

அந்த இடத்தை நான் பொது நாணயம் பற்றிய ஒரு பந்தியால் நிரப்பியிருந்தேன்.

மறுநாள் ரெஜினா வந்தார். அவரை நான் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மாவுக்கு எந்த ஊர்?"

"பேசாலை, மாஸ்டர்."

"தம்பி யாரும்…"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அன்ரன். ஏஜென்சிக்காரன் ஸ்பெயினிலை இறக்கிவிட்டிட்டுப் போனவன். ரெண்டு வருசமாக் கதையில்லை. அம்மாவுக்கும் சுகமில்லை. சண்டையிலை இடம்பெயர்ந்து இருக்கிற இடத்திலையிருந்து கதைக்கேக்கை அவனைத்தான் கேக்கிறா. ஏன் மாஸ்டர், ஏதும் தெரியுமோ?"

யோகனின் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். சிவம் உடனே யோகனைத் தொலைபேசியில் பிடித்துக் கருவியை ரெஜினாவிடம் கொடுத்தார். யோகனின் குரல் எனக்கும் கேட்டது.

"ஐயோ அக்கா, மூண்டு நாளைக்கு முந்தித்தான் வெளிக்கிட்டவன். எந்தத் தோட்டம் எண்டு எனக்குச் சொல்லேல்லை."

ரெஜினா கோப்பிலிருந்த தாள்களைக் கையிலெடுத்தார். நீலக் கோட்டின் மேல் விரல் வைத்து வாசித்தார்.

"இதையோ வெட்டினனீங்கள்?"

"ஓம்."

"ஏன் மாஸ்டர்?"

"இடம் போதவில்லை" என்றேன். அது பொய். இடம் இருந்தது. அந்த மனிதரை நான் எழுத்துக்குரியவராகக் கருதவில்லை. அந்த உண்மையைச் சொல்லும் துணிவு அன்றும் இல்லை. பின்னரும் அவரிடம் சொன்னதில்லை.

4. அறிவித்தல்

அன்ரன் இரண்டு ஆண்டுகளின் பின் பிரான்சிலிருந்து தமக்கையோடு பேசினார் என்று சிவம் சொன்னார். அது என் பிழையைச் சிறிதாக்கவில்லை. தொலைநகலைக் காலத்தோடு வாசித்திருந்தால் அவர் பேசியிருக்கக்கூடிய இன்னொருவர் அதற்குள் இல்லாமற் போயிருந்தார்.

நான் பிழை செய்த இலையுதிர் காலத்தை அடுத்து வந்த பெப்ரவரியில், ரெஜினா மீண்டும் வந்தார். கையில் கொப்பித் தாளில் எழுதிய மரண அறிவித்தல். தாயார் காலமாகிவிட்டார். நம்மவர் அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் வாழும் நாட்டை அடைப்புக்குள் இடுவது வழக்கம். அவர் எழுதியிருந்தார்: "ரெஜினா (கனடா), அன்ரன் (எங்கையோ) ஆகியோரின் அன்புத் தாயாரும்…"

என் கை தானாகவே பென்சிலுக்குப் போயிற்று. 'வெளிநாடு' என்று போடலாமே என்றுதான் அப்போதும் எண்ணினேன்.

ரெஜினா தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். "வேண்டாம் மாஸ்டர். நான் எழுதினபடி போடுங்கோ."

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஒரு வரியை வெட்டுமுன், அதற்காக யாரேனும் காத்திருக்கக்கூடுமா என்று எண்ணிப் பாருங்கள். எதிரில் வந்து நின்ற ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்று பென்சிலை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அவ்விதழில் ஓர் எழுத்தும் மாற்றாமல் நான் அச்சுக்கு அனுப்பிய முதற் பிரதி அந்த அறிவித்தல்தான்.